கல்வியாராய்ச்சியும் அதன் அயற்றுறைகளும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



செயலாளர் தம்பி எனக்கு எழுதிய கடிதத்தில், கல்விக்கும் மனிதப்பண்பியற் கலைகளுக்கும் சமூக விஞ்ஞானங்களுக்கும் இடையேயுள்ள ஆராய்ச்சித் தொடர்புகளைப் பற்றி நான் பேசவேண்டும் என்று குறித்திருந்தார். நான் பல்கலைக்கழகப் பேராசிரியன் அல்லன். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் படிப்பித்து இளைப்பாறிய ஓர் உபாத்தியாயன். சிறிய தலைப்பு ஒன்று தரமுடியாதா என்று பதில் எழுதினேன். விளம்பரத் துண்டு அச்சாகிவிட்டது என்று மறுபதில் வந்தது. ஆகவே, தலைப்பு இருந்தவாறே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு மூலையிலிருந்து அதனைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சற்று முன்னர் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கையில், நமது மாலை வகுப்பைப் பற்றிய பகுதியை எல்லோரும் கேட்டீர்கள். தை மாதத்தில் சேர்ந்த பிள்ளைகளுட் பலர் ஆவணிக்கு முன்னரே நின்றுவிட்டனர். நின்றவர்களுட் பெரும்பாலோர் கணிதத்தில் மிகக் குறைந்த புள்ளி பெற்றவர்கள். அதனை வாசித்தபோது முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், “அந்தப் பிள்ளையளுக்குப் படிப்பு ஏறாது” என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அவரை நான் குறைகூற மாட்டேன். ஏனெனில், அதே சொல்லை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன் தசமப் பெருக்கலில் தொடர்ந்து பிழைவிடுவான். 4.25 ஐ 3.5 ஆற் பெருக்கு என்றால் 148.75 என்று எழுதுவான். தசமப் புள்ளி அவனுக்கு ஓர் எறும்பு. எங்கு வேண்டுமானாலும் ஊர்ந்து போய் நிற்கும். தவணை முடிவில் அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் “கணிதத்தில் மந்தம்” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போனபோது, மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் அவன் இருந்தான். கிலோ நாலேகால் ரூபா. மூன்றரைக் கிலோ நிறுக்கச் சொன்னேன். தராசுத் தட்டு இறங்குமுன்னரே கணக்குச் சொல்லிவிட்டான்: “மூண்டரை நாலு பதினாலு, மூண்டரைக் கால் எண்பத்தேழரைச் சதம். பதினாலு எண்பத்தஞ்சு தாங்கோ சேர்.” இரண்டரைச் சதத்தை எனக்காக விட்டுக்கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து கிழங்கை அவிக்கக் கொடுத்த பின்னர்தான் எனக்கு உறைத்தது. வகுப்பில் அவனுக்கு வராத அதே கணக்கு, அதே எண்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வியந்தேன், மறந்தேன். அவ்வாண்டு முடியுமுன்னர் பையன் பாடசாலையை விட்டு நின்றுவிட்டான்.

இந்த இடத்திலே நான் நின்றுபோன கேள்வியைப் பிறேசில் நாட்டில் மூவர் விடாது தொடர்ந்தார்கள். தெரெசினா நூனெஸ், டேவிட் கறாகர், அனலூசியா ஷ்லீமன் என்போர் அவர்கள். ரெசிபே என்னும் கரையோர நகரத்துச் சந்தைகளில் பெற்றோருக்கு உதவியாக வியாபாரஞ் செய்யும் ஐந்து பிள்ளைகளை அவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஒன்பது வயது தொடக்கம் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள். ஆராய்ச்சியாளர் சாதாரணமாகச் சாமான் வாங்குபவர்போலச் சென்று, இதற்கு எவ்வளவு, அதற்கு எவ்வளவு, இந்த நோட்டுக்கு மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். கேட்ட 63 கணக்குகளில் நூற்றுக்கு 98 வீதம் சரியாக வந்தன. பின்னர், அதே பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் சந்தையிற் செய்த கணக்குகளின் எண்களை வைத்தே கேள்விகள் கொடுத்தார்கள். வசனக் கணக்காகக் கேட்டபோது 74 வீதம் சரி. வெறும் எண்களாக, கூட்டு, கழி, பெருக்கு என்று கேட்டபோது 37 வீதந்தான் சரி. 1985 இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

அதிலே வரும் பன்னிரண்டு வயதுத் தேங்காய் வியாபாரியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தேங்காய் 35 குறூசெய்ரோ. பத்துத் தேங்காய் என்ன விலை? நமது பிள்ளைகள் பூச்சியத்தைச் சேர்த்து 350 என்பார்கள். அவன் அப்படிச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு மனப்பாடம். மூன்று மூன்றாக விற்பவன் அல்லவா? மேலும் மூன்று சேர்த்து 210, இன்னும் மூன்று சேர்த்து 315, பிறகு ஒன்று, 350 என்று ஏறிவந்தான். சுற்றுவழிதான், ஆனால் வழி தவறவில்லை. பத்தாற் பெருக்கினாற் பூச்சியஞ் சேர்ப்பது அவனுக்கு ஓர் அர்த்தமில்லாத சடங்கு. மூன்று தேங்காய் 105 என்பது அவன் கையால் எடுத்துக் கொடுத்த பொருள்.

ஐந்து பிள்ளைகளைக் கொண்டு உலகத்துக்கே விதி வகுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அவ்வாறு வகுக்கவில்லை. பின்னர் தச்சர், மீன்பிடிப்போர், கட்டடவேலை மேற்பார்வையாளர் ஆகியோரிடமும் இவ்வகை ஆராய்ச்சிகள் நடந்தன. 1993 இல் அவை ஒரு நூலாகவும் வந்தன. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது முடிவை அன்று. அவர்கள் போன வழியை. பரீட்சைத் தாளை மட்டும் பார்க்கும் கல்வியாளன் “37 வீதம்” என்று எழுதிவிட்டு எழுந்திருப்பான். இவர்கள் கூடையருகே போய் நின்றார்கள். ஓர் ஊருக்குட் சென்று தங்கி, மக்கள் செய்வதைச் செய்யுமிடத்திலேயே பார்ப்பது மானிடவியலாளரின் பழக்கம். ஒரே கணக்கை மூன்று விதமாகக் கேட்டு ஒப்பிடுவது உளவியலாளரின் பழக்கம். பிள்ளையின் விடையை விட, அவன் சொல்லிக்கொண்டு போகும் சொற்களை எழுதிவைத்துப் படிப்பது மொழியை ஆராய்பவரின் பழக்கம். இம்மூன்றுங் கூடியபோதுதான் ஒரு கல்விக் கேள்விக்கு விடை கிடைத்தது. செயலாளர் தந்த பெரிய தலைப்புக்கு இதுவே நான் கொடுக்கக்கூடிய பொருள்.

இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1931, 1932 ஆம் ஆண்டுகளில் ருஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூறியா மத்திய ஆசியாவில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். எழுத்தறியாத உழவர்களிடம் ஒரு புதிர் போட்டார். வடக்கே பனி மூடிய நாட்டிற் கரடிகள் எல்லாம் வெண்ணிறம். இன்ன தீவு அந்தப் பனி நாட்டில் உள்ளது. அங்கே கரடி என்ன நிறம்? உழவர் பலர் விடை சொல்ல மறுத்தனர். தாங்கள் அங்கே போனதில்லை என்றும், போனவர்களைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சம்மட்டி, வாள், கோடரி, மரக்கட்டை என்னும் நான்கில் சேராததை எடு என்றால், கட்டையை எடுக்க மாட்டார்கள். கட்டை இல்லாமல் வாளுக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்று கேட்பார்கள். சிறிது காலம் படித்தவர்களோ எளிதில் விடை சொன்னார்கள். எழுத்தறிவு மனத்தின் அமைப்பையே மாற்றுகிறது என்று லூறியா கருதினார். அந்த நூல் ருஷ்ய மொழியில் 1974 இல்தான் வெளிவர முடிந்தது என்பது தனிக் கதை.

எனக்கு அந்த உழவர்மேல் மதிப்பு உண்டு. காணாத கரடிக்குச் சாட்சி சொல்ல மறுப்பது நேர்மையல்லவா? நீதிமன்றத்திலே அதைத்தானே எதிர்பார்க்கிறோம்! ஆனால் ஆராய்ச்சிக்கு அந்த மதிப்புப் போதாது. அவர்களை மாற்றியது எழுத்தா, பாடசாலையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நம்மிடையே எழுத்தைப் பாடசாலையிலேயே கற்கிறோம். இரண்டும் பாலும் நீரும் போலக் கலந்துகிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டில் வை என்றொரு மக்கட் கூட்டத்தார் இருக்கின்றனர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் தமக்கெனத் தாமே ஓர் எழுத்தை ஆக்கிக்கொண்டார்கள். அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. தகப்பன் மகனுக்கும், தோழன் தோழனுக்கும் ஓய்வு நேரத்திற் சொல்லிக்கொடுப்பது. கடிதம் எழுதவும், வீட்டுக் கணக்கு வைக்கவும் பயன்படுத்துவார்கள். அதே ஊரில் குர்ஆன் ஓத அரபு எழுத்தைக் கற்றவர்களும் உண்டு; அரசாங்கப் பாடசாலையில் ஆங்கிலம் படித்தவர்களும் உண்டு; எதுவும் அறியாதவர்களும் உண்டு. சில்வியா ஸ்கிறிப்னர், மைக்கேல் கோல் என்ற இருவர் இது இயற்கையே அமைத்துத் தந்த பரிசோதனைச்சாலை என்று கண்டு, பல ஆண்டுகள் அங்கே வேலை செய்து 1981 இல் நூல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? எழுத்தறிந்ததனால் மட்டும் ஒருவன் பொதுவாகக் கூர்மதி பெற்றுவிடவில்லை. கடிதம் எழுதிப் பழகிய வை எழுத்துக்காரர், எதிரில் இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டின் விதிகளை விளக்கிச் சொல்வதிற் கெட்டிக்காரராக இருந்தனர். ஓதிப் பழகியவர், ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களைக் கூட்டிக்கொண்டே போய் நினைவில் வைப்பதிற் கெட்டிக்காரர். பாடசாலை சென்றவர், தாம் ஒரு விடையை ஏன் சொன்னார் என்று காரணங் காட்டிப் பேசுவதிற் கெட்டிக்காரர். யார் எதைச் செய்து பழகினாரோ அது அவருக்கு வந்தது. உழவர் கரடிக்கு விடை சொல்லாததற்குக் காரணம் மூளைக் குறையன்று. சொன்ன வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு விடை காணும் பள்ளிக்கூட விளையாட்டை அவர்கள் ஆடியதில்லை.

இலக்கியம் படிப்பவர்கள் இதே கேள்வியை வேறு வாசலால் வந்து தொட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாடகன் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுகிறான் என்று அறிய, மில்மன் பறி என்ற கிரேக்க இலக்கிய ஆராய்ச்சியாளர் 1930 களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய்ப் பாணர்களின் பாட்டுக்களைப் பதிவு செய்தார். அந்த வழியைப் பின்பற்றி நமது பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1968 இல் வெளிவந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனை மாணவர்களை மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் கூத்தாடப் பழகவைத்தார். பட்டதாரி மாணவன் அண்ணாவியாரின் முன் மாணாக்கனாக நின்றான். கல்வியாராய்ச்சி என்ற பெயரில் அது நடக்கவில்லை. ஆயினும் கல்வியைப் பற்றி அது சொன்ன செய்தி சிறியதன்று.

நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் இங்கே நினைக்கவேண்டும். எண்சுவடி என்று ஒன்று இருந்தது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, முந்திரி வரை, அதாவது 320 இல் ஒரு பங்கு வரை, பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். அதனை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று கேலிசெய்து வளர்ந்தவன் நான். 2022 இல் தே. செந்தில் பாபு தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தைப் பற்றி எழுதிய நூல் வந்தபோதுதான் என் கேலி எவ்வளவு மலிவானது என்று கண்டேன். வரலாற்றாசிரியராக அவர் அந்தக் கணக்கைத் தானியம் அளந்த களத்திலும், நிலம் அளந்த வயலிலும், கூலி கொடுத்த இடத்திலும் வைத்துப் பார்க்கிறார். யார் அளந்தார்கள், யார் கணக்கெழுதினார்கள் என்ற கேள்வி அங்கே வருகிறது. என் மாணவனின் “மூண்டரைக் கால் எண்பத்தேழரை” அந்தப் பழைய வாய்ப்பாட்டின் வழியில் வந்த பேரப்பிள்ளைபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆராய்ந்து பார்க்க ஓர் இளைஞர் முன்வந்தால் மகிழ்வேன். இன்றும் நமது ஊரிற் காணியைப் பரப்பிற் பேசுகிறோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது தோட்டக்காரப் பிள்ளைக்குத் தெரியும். அவனுடைய புத்தகத்தில் ஹெக்டேயர் மட்டுமே உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சந்தைக் கணக்குப் போதும், பாடசாலைக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் தம் பிள்ளையை வைத்தியனாக்கிவிட்டு மற்றவர் பிள்ளையைச் சந்தையிலே விடுபவர். கிழங்கு நிறுத்தவனுக்கு நாலேகாலும் மூன்றரையும் கைவந்தன. அட்சரகணிதத்தில் அந்த முறை அவனை நெடுந்தூரம் கொண்டுபோகாது. அவன் நின்ற இடத்திலிருந்து தசமப் புள்ளிக்கு ஒரு பாலம் போடவேண்டியது என் கடமையாக இருந்தது. நான்கு ரூபாவையும் கால் ரூபாவையும் பிரித்துப் பெருக்கிய அவன் முறை, பாடப்புத்தகத்தில் பங்கீட்டு விதி என்ற பெயரில் இருக்கிறதே! அந்தப் பெயரை அவனுக்குச் சொல்லியிருந்தால் போதும். நானோ அறிக்கையில் வேறொரு சொல் எழுதினேன்.

நமது நாட்டிலே இத்துறைகளை ஒரு மனிதரே கூட்டிக் காட்டினார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1916 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், பாடசாலைகளை நடத்தியவர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். பழந்தமிழரின் யாழைச் சிலப்பதிகாரத்தின் துணையோடும், ஒலியலைக் கணக்கோடும் ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். பௌதிகம் படித்தவர் இலக்கியத்துக்கு ஏன் வந்தார் என்று அவரை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அந்த நூல் பிறந்திராது. இன்று நம் பிள்ளை பதினாறு வயதிலேயே கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல் என்று ஒரு கூண்டுக்குட் போய்விடுகிறான்.

இனிச் சமூக விஞ்ஞானத்தின் பக்கம் வருவோம். 1966 இல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். பாடசாலைக் கட்டடம், நூலகம், செலவு என்பவற்றில் உள்ள வேற்றுமையைவிட, பிள்ளையின் குடும்பச் சூழலும் கூடப்படிக்கும் பிள்ளைகளின் சூழலும் பெறுபேற்றோடு நெருங்கிய தொடர்புடையன என்று அது கூறியது. அங்கே பெரும் புயல் எழுந்தது. அதனை அப்படியே எடுத்து, “பாடசாலையால் ஆவதொன்றுமில்லை” என்று எங்கும் பேசத் தொடங்கினார்கள். பின்னர் 1983 இல் ஹேனமன், லொக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் விவரங்களை ஒப்பிட்டார்கள். செல்வங் குறைந்த நாடுகளிலே நல்ல ஆசிரியரும் நல்ல பாடசாலையும் செய்யும் வேற்றுமை பெரியது என்று கண்டார்கள். ஒரு நாட்டுச் சட்டையை இன்னொரு நாட்டு உடம்புக்குப் போடுவதற்கு முன் அளந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் உடம்பை நாம் அளந்திருக்கிறோமா? 1943 இல் கன்னங்கரா அவர்களின் குழு அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி வந்தது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆயினும், கட்டணம் நீங்கியதும் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன என்று நினைப்பது சரித்திரத்தை மறப்பதாகும். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பது பெரியோர்களுக்குத் தெரியும். வாங்கில் இருக்க வேண்டிய பிள்ளையை நிலத்தில் இருக்கச் சொன்ன நாட்கள் அவை. பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. அக்காலத்து யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள் என்பதை இளைஞர் சங்கமாகிய நாம் பெருமையோடு நினைக்கலாம். மலையகத்தில் தோட்டப் பாடசாலைகள் 1970 களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. இலவசக் கல்வி வந்து முப்பது ஆண்டுகளின் பின்னர்!

பேரனை நிலத்தில் இருத்திய ஊரில், பூட்டப்பிள்ளை மாலை வகுப்புக்கு வரத் தயங்கினால், அதற்கு மூளையைச் சோதிக்கும் பரீட்சை விடை தராது. வரலாறு படித்தவன் பழைய வரவு இடாப்பைத் தேடிப் பார்க்கவேண்டும். சமூகவியல் படித்தவன், வகுப்பு நடக்கும் மண்டபம் யாருடைய ஒழுங்கையில் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு அந்த ஒழுங்கையால் எந்தப் பெண்பிள்ளை தனியே வருவாள் என்று பார்க்கவேண்டும். தமிழ் படித்தவன், “காரணிப்படுத்துக” என்ற சொல்லைப் பிள்ளை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்று கேட்கவேண்டும். நான் அறிய, அந்தச் சொல்லிலேயே விழுந்து எழும்பாத பிள்ளைகள் உண்டு.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. நின்றுபோன பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு துறைகளிற் படிக்கும் நம் சங்கப் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். விடுமுறையில் இருவர் இருவராக அந்த வீடுகளுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். உங்கள் சொல்லாக மாற்றி எழுதவேண்டாம். காலையில் அந்தப் பிள்ளை என்ன வேலை செய்கிறது, அதில் என்ன கணக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள். சோதிக்கப் போவதாகச் சொல்லாதீர்கள், சோதிக்கவும் வேண்டாம். பெரியோர்களிடம் கேட்பது ஒன்றே: அந்த வீடுகளுக்கு இளைஞர் போகும்போது ஏன் போகிறாய் என்று தடுக்காதீர்கள். வாசலிலே தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு வரட்டும்.

எழுதிய கொப்பிகளைச் சேர்த்து என்னிடம் தந்தால், கணிதப் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன். மற்றப் பகுதிகளைப் பார்க்க எனக்குத் தகுதியில்லை; தகுதியுள்ளவர்களைத் தைப்பொங்கலுக்கு முன் நான் தேடிப் பிடிக்கிறேன்.